இரண்டாவது டாக்டர்

"வாயைத் திறடி. மாத்திரை என் கையிலேயே கரையுது."

அம்மா கெஞ்சியும், பஸ் கண்டக்டரான மகள் வாயைத் திறக்கவில்லை. திறந்ததெல்லாம் வாளியைப் பார்த்துத்தான். காலையில்தான் அவளைக் குழந்தையோடு இந்த வார்டுக்கு மாற்றியிருந்தார்கள். சிசேரியன் ஆன வயிறு, ஓங்கரிப்பில் குலுங்கியது. இப்படியே போனால் தையல் பிரிந்துவிடும் என்று நர்ஸ் எச்சரித்துவிட்டுப் போயிருந்தாள்.

"பிரிஞ்சா என்னைக் கூப்பிடாதே. நான் துணி மட்டும்தான் தைப்பேன்" என்றாள் பக்கத்துக் கட்டில் தையல்காரி.

வாய்தான் கேலி பேசியது. மனசெல்லாம் எதிர் அறையில் இருந்தது. அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள், குறைமாதத்தில் பிறந்த அவள் பிள்ளை. அந்த அறையில் இப்போது அது ஒன்றுதான். அவளுக்கோ பால் சுரக்கவில்லை. யாரோ தானம் கொடுக்கும் பாலில்தான் பிள்ளை உயிர் பிடித்து வந்தது. யாரென்று நர்ஸ் சொல்ல மறுத்துவிட்டாள். அந்த மகராசியைக் கண்ணால் கண்டால் காலில் விழுவேன் என்று நேற்று முழுக்க வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"பால் குடிக்கிற பிள்ளைக்கு ஆகுமான்னு தெரியாம எப்படிக்கா முழுங்குறது?" என்றாள் கண்டக்டர், வாளியிலிருந்து தலையைத் தூக்கி.

டாக்டரம்மா வந்தார். தொட்டிலில் பூசணிக்காய் போலக் கிடந்த அவள் மகனைப் பார்த்தார். மருந்து பாலில் போவது துளிதான், இந்தக் குண்டனுக்கு ஒன்றும் ஆகாது என்றார்.

அப்போதும் அவள் விழுங்கவில்லை. டாக்டரம்மாவை அருகே இழுத்து, காதில் ஏதோ கேட்டாள். அவர் முகம் மாறியது. போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

தையல்காரிக்கு எரிச்சலாக வந்தது. கொழுகொழுவென்று பிள்ளை பக்கத்திலேயே கிடக்க, இன்னும் என்ன சந்தேகம் இவளுக்கு?

டாக்டரம்மா வேறொரு மாத்திரையோடு திரும்பினார்.

"அதை வெச்சிடும்மா. இதைப் போடு. குழந்தை டாக்டர்கிட்டயும் கேட்டுட்டேன், பயமில்லை."

கண்டக்டர் உடனே வாங்கி விழுங்கினாள். கொஞ்ச நேரத்தில் குமட்டல் அடங்கி, முகம் தெளிந்தது.

தையல்காரியால் சும்மா இருக்க முடியவில்லை. "ஒரு குண்டனுக்கு ரெண்டு டாக்டரா?"

"குண்டனுக்கு முதல் மாத்திரையே ஆகும்னு சொல்லிட்டாங்களேக்கா" என்று கண்டக்டர் சிரித்தாள். "ரெண்டாவது டாக்டரைக் கேட்டது, கண்ணாடிப் பெட்டிக்குள்ள என் பாலைக் குடிக்கிற குட்டிக்காக. யார் பெத்ததோ, பாவம்."

தையல்காரி மெல்லக் கட்டிலை விட்டு இறங்கினாள்.