சந்தனம் அடைச்ச பிரிண்டர்

“ஏம்மா கொளஞ்சி, பொட்டு வைக்க உனக்கு வேற எடமே கெடைக்கலியா?”

அரிகிருஷ்ணன் போட்ட சத்தத்துல, வாசல்ல செருப்பு கழட்டிக்கிட்டிருந்தவங்க அப்படியே நின்னுட்டாங்க.

பிரெஞ்சு கவர்மெண்ட் பென்ஷன் வாங்குறவங்களுக்குப் பேப்பர் தயார் பண்ணிக் குடுக்கிற ஆபீஸ் அது. அரிகிருஷ்ணன் முதலாளி. பெருக்கித் தொடைச்சு, டீ வாங்கியார்றது கொளஞ்சி. கம்ப்யூட்டர், பிரிண்டர் எல்லாம் சிந்துஜா பொறுப்பு.

ஆயுத பூஜை லீவு முடிஞ்சு அன்னிக்குத்தான் கதவைத் திறந்தாங்க. பிரிண்டர்ல பென் டிரைவ் செருகுற ஓட்டை பூரா சந்தனம். காய்ஞ்சு கல்லாட்டம் கெடக்குது.

“நாந்தான் சார் வெச்சேன். சாமி காரியம், தாராளமா இருக்கட்டுமேன்னு...”

“தாராளமா? பொட்டு வைக்கச் சொன்னா கொத்தனாராட்டம் பூசி வெச்சிருக்க!”

பென் டிரைவைக் கையில பிடிச்சுக்கிட்டு நின்ன பென்ஷன்காரர் சில்வேன் சொன்னார்: “நான் இன்னும் உயிரோடதான் இருக்கேன்னு பேப்பர் அனுப்பணும் அரி. உன் மிஷின் எனக்கு முன்னாடி போயிடுச்சே!”

யாரோ சிரிச்சாங்க. முதலாளிக்குக் கோவம் இன்னும் ஏறிடுச்சு.

சிந்துஜா மட்டும் தலையைத் தூக்கல.

போன மாசந்தான் யாரோ கொண்டாந்த பென் டிரைவுலேர்ந்து வைரஸ் பூந்துச்சு. பிரிண்டர்ல செருகினது எல்லாக் கம்ப்யூட்டர்லயும் திறக்கும்; அப்படியே ஒவ்வொண்ணா பரவி, ஆபீசே படுத்துடுச்சு. பென்ஷன்காரங்க பாஸ்போர்ட் காப்பியெல்லாம் திறக்கவே முடியல.

“கம்ப்யூட்டர் ஓட்டையெல்லாம் மூடியாச்சு, பிரிண்டர்ல இருக்கிறதையும் மூடிடலாம் சார். மெயில்ல அனுப்பினா, நான் பார்த்துட்டு பிரிண்ட் போட்டுத் தர்றேன்”னு சிந்துஜா கேட்டா. கேட்டுக் கேட்டு அலுத்துப் போனா.

“மூடினா வர்றவங்க எதிர்க்கடைக்குப் போயிடுவாங்க. மூடினியோ, உனக்கு இங்க வேலை இல்ல. இன்னொரு தரம் வைரஸ் வந்துச்சோ, அப்பவும் வேலை இல்ல”ன்னுட்டார் முதலாளி.

மெக்கானிக் வந்தார். ஓட்டைக்குள்ள டார்ச் அடிச்சுப் பார்த்தார்.

“தோண்டினா உள்ள போர்டு போயிடும் சார். பிரிண்ட் நல்லாத்தான் வருது. இந்த ஓட்டைய மறந்துடுங்க.”

அரிகிருஷ்ணன் நாற்காலியில சாய்ஞ்சார். “இனிமே எல்லாரையும் மெயில்ல அனுப்பச் சொல்லு சிந்துஜா. நீயே பார்த்துப் போடு. இன்னா பண்றது, இந்தப் பொம்பளைக்கு இருக்கிற மூளை அவ்வளவுதான்.”

அன்னிக்குப் பூரா கொளஞ்சிக்கு அர்ச்சனைதான். டீ ஆறியிருந்தாலும் சந்தனப் பேச்சு. கரண்ட் போனாலும் சந்தனப் பேச்சு.

பக்கத்து மேசையில உக்காந்திருந்த சிந்துஜா அவளுக்காக ஒரு வார்த்தை பேசல.

சாயங்காலம் எல்லாரும் கிளம்பின பொறவு, கொளஞ்சி பின்பக்கம் டீ கிளாஸ் கழுவிக்கிட்டிருந்தா. தவளக்குப்பம் பஸ்ஸைப் பிடிக்கணும். சிந்துஜா மெதுவா வந்து நின்னா.

“அக்கா, நீங்க மேல சின்னதா ஒரு பொட்டுதான வெச்சீங்க?”

“ஆமா.”

“உள்ள அடைச்சது நான்க்கா. காலையிலயே சொல்லிடணும்னு வாய் வரைக்கும் வந்துது. பயந்துட்டேன். வேலை போச்சுன்னா வீட்டுல அடுப்பு எரியாதுக்கா.”

“சொல்லாததே நல்லது பாப்பா. உன்னைன்னா வீட்டுக்கு அனுப்பிடுவாரு. என்னை மூளை இல்லாதவன்னு திட்டுவாரு. அதைத் தினமுந்தான் திட்டுறாரு.”

“நான்தான்னு உங்களுக்கு எப்படிக்கா தெரியும்?”

கொளஞ்சி கடைசி கிளாஸைக் கவுத்து வெச்சா. இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு நிமிர்ந்தா.

“பூஜை அன்னிக்கு நீ சந்தனத்தை விரலால உள்ள அமுக்கிக்கிட்டிருந்தப்போ, ஒருத்தரையும் உள்ள விடாம வாசல்லயே பொரி குடுத்து நிறுத்தி வெச்சது யாருன்னு நெனைச்ச?”