இருபத்தெட்டாம் நாள் ரத்தம்

மதிய வெயில் ஆய்வு மேசையில் சோர்ந்து கிடக்கிறது. சூட்டுப்பெட்டியின் மின்விசிறி மட்டும் இரைகிறது. அதற்குள் நான் வளர்க்கும் மலேரியாக் கிருமிகளுக்கு மனித ரத்தம்தான் தீனி. கல்யாணமானதிலிருந்து என் மனைவிதான் மாதாமாதம் கொடுத்துவந்தாள். "உன் புள்ளைங்களுக்குச் சோறு போட்டே நான் இளைச்சுட்டேன்" என்று ஊசிக்குக் கை நீட்டியபடியே சிரிப்பாள். அவளைக் கொண்டுபோன விபத்துக்கு ஒரு வாரம் முன்பு கொடுத்ததில் ஒரு குழாய் மிச்சம் இருக்கிறது. இருபத்தெட்டு நாளுக்குமேல் வைத்த ரத்தம் கிருமிகளுக்கு ஆகாது. இன்று இருபத்தெட்டாம் நாள். ஆய்வகத்து அக்கா குளிர்பெட்டியைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

"தம்பி, கிருமிக்கு வேற ரத்தம் வந்தாச்சு. இது பாட்டுக்கு உள்ளேயே இருக்கட்டுமே. யாரு கேக்கப் போறா?"

"கெட்டுப் போயிடும்க்கா."

"போனாப் போகுது."

நான் கை நீட்டுகிறேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் குழாயைத் தருகிறார். மூடியில் அவள் பெயரும் தேதியும் என் கையெழுத்தில் இருக்கின்றன. கையுறைக்குள் விரல்கள் மரத்துப்போகும்வரை பிடித்திருக்கிறேன். அடியில் படிந்த சிவப்பு, சாய்த்ததும் மெல்ல எழுந்து கலங்குகிறது. வழக்கம்போல அளந்து, கிருமிகள் இருக்கும் குடுவையில் விடுகிறேன். ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை.

"நீ சாப்பிட்டியா தம்பி?"

"இல்லக்கா. முதல்ல இதுங்க சாப்பிடட்டும்."

சூட்டுப்பெட்டி முப்பத்தேழு டிகிரி காட்டுகிறது. குடுவையை உள்ளே வைத்துக் கதவைச் சாத்துகிறேன். இன்னும் கொஞ்ச நேரத்தில் அவள் ரத்தம் உடம்புச் சூட்டுக்கு வந்துவிடும்.