மூவாருக்கு நேர் வழி

"தங்காக்ல இருந்து மூவாருக்குக் காருல அரை மணி நேரம். அது உங்க கம்பெனிக்கு மட்டும் ஏன்மா தெரியல?"

புடவைக் கடை அர்ச்சுனன், இணைய நிறுவனத்திலிருந்து வந்த லோஷினியை உட்காரக்கூடச் சொல்லவில்லை.

தினமும் மாலை ஆறு மணிக்கு அவர் கேமரா முன் நின்று இணைய நேரலையில் புடவை விரித்துக் காட்டுவார். மற்ற ஊர்களில் படம் நன்றாக ஓடியது. மூவாரில் மட்டும் நின்று நின்று வந்தது.

"இன்னிக்கு ஆறு மணிக்குள்ள மூவார் சரியாகணும். இல்லன்னா உங்க லைனை வெட்டிடுவேன்."

லோஷினி மடிக்கணினியைத் திறந்து பார்த்தாள்.

"அங்கிள், உங்க படம் இங்கிருந்து சிங்கப்பூர் போய், திரும்பி மூவாருக்கு வருது."

"அலமாக்! எதுக்கு? பாஸ்போர்ட்ல சாப் குத்தவா?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நாங்க ஒரு கம்பெனி, மூவார்ல பாக்குறவங்க லைன் வேற கம்பெனி. ரெண்டுக்கும் நேரடிப் பேச்சு இல்ல. சிங்கப்பூர்ல இருக்கிற மூணாவது கம்பெனிதான் வாங்கிக் கொடுக்குது. சாயங்காலம் அங்க நெரிசல்."

"பக்கத்துல இருந்துக்கிட்டுப் பேச்சு இல்லையா? வெக்கங்கெட்டவனுங்க."

நாற்காலியை இழுத்துப் போட்டார். "உக்காரு. இதுக்கு என்ன வழி?"

"ஜொகூர் பாருவுல எல்லாக் கம்பெனி கேபிளும் சேர்ற இடம் இருக்கு. முன்னாடி அங்க வழி காட்டுற ஒவ்வொரு ரூட்டர் பெட்டியும் பக்கத்துப் பெட்டி சொல்ற வழியைத்தான் நம்பும். இப்போ அங்க புது மென்பொருள் போட்டிருக்காங்க. அது எல்லா வழியையும் மேல இருந்து பாத்து, பெட்டிகளுக்கு உத்தரவு போடும்."

"அப்போ ரெண்டு கம்பெனியும் ராசியாயிட்டாங்களா?"

"இல்ல லா அங்கிள். முழு ராசி வேணாம். வீடியோ மட்டும் நேரா போகட்டும், மத்ததெல்லாம் பழையபடி சுத்தியே போகட்டும்னு எழுதினாப் போதும். அதுக்கு ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டாங்க."

"சண்டையை வெச்சுக்கிட்டேவா?" அர்ச்சுனன் தாடையைத் தடவினார். "அப்படிக்கூடப் பண்ண முடியுமா?"

"முடியும்."

உத்தரவை எழுதிவிட்டு, கடையின் இணையப் பக்கத்தில் பெயர் பதிந்து பார்ப்பவர்களின் பட்டியலைத் திறந்தாள். அவள் முகம் மாறியது.

"அங்கிள், மூவார்ல பாக்குறது ஒரே ஒருத்தர். கமலநாதன். ஒரு மாசமா தினம் வர்றாரு. ஒரு கைக்குட்டைகூட வாங்கல. இவருக்காகவா என்னை இந்தப் பாடு படுத்துனீங்க?"

அர்ச்சுனன் கையிலிருந்த புடவையை மடித்தார்.

"என் தம்பி. அப்பா வீட்டை என்னைக் கேக்காம வித்தான். பதினோரு வருசமாப் பேச்சில்ல. இனியும் பேச மாட்டேன்."

"அப்புறம் எதுக்கு...?"

"போன மாசம் அவனுக்கு இருதய ஆபரேஷன். படுக்கையில கெடக்கான். பொந்தியான்ல இருக்கிற தங்கச்சிதான் எனக்குச் சேதி சொல்லும். அவனுக்கும் அதுதான் சொல்லும்."

மணி ஆறு. லோஷினி பொத்தானை அழுத்தினாள்.

அர்ச்சுனன் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு கேமரா முன் போய் நின்றார்.

"பேச்செல்லாம் பொந்தியான் வழியா சுத்தியே போகட்டும்மா. என் மூஞ்சி மட்டும் அவனுக்கு நேரா போகட்டும்."