மூன்றாம் குழுவின் ஹெல்மெட்

ஒஹாயோவில், ஆளை ஆள் மோதி வீழ்த்தும் அமெரிக்கக் கால்பந்துக்கு ஹெல்மெட் செய்யும் கம்பெனி அது. முதலாளி ரோஸ்கோ போன மாதமே சொல்லிவிட்டார்: "இந்தத் தடவையும் தலையில விழற அடி குறையலேன்னா உன் ஆராய்ச்சிப் பிரிவை மூடிடுவேன், டேனிகா."

இன்று டேனிகா, பள்ளிப் பையன்களை மூன்று குழுவாகப் பிரித்து எடுத்த பயிற்சிக் கணக்கை நீட்டினாள். மூன்றாம் குழுவில் தலையடி பாதியாகக் குறைந்திருந்தது.

"உள்ளே என்ன வச்சே? ஜெல்லா?"

"இல்லை சார்."

"காத்துப் பையா?"

"அதுவும் இல்லை."

"கழுத்துக்குப் பாரமா இருக்குமே?"

"ஒருத்தனும் கழுத்து வலின்னு சொல்லலை."

"ஹெல்மெட்டோட மேல் ஓடாவது என்னன்னு சொல்லேன்."

"தலைமுடி சார். பயிற்சியில ஹெல்மெட்டைக் கழட்டச் சொன்னேன். வெறுந்தலைன்னதும் எவனும் தலையால முட்டலை, எல்லாரும் தோளாலதான் மோதினாங்க."

ரோஸ்கோ தன் வழுக்கையைத் தடவிக்கொண்டார்.

"இப்ப எதை மூடப் போறீங்க சார்? என் பிரிவையா, கம்பெனியையா?"