நூற்றுக்கு எவ்வளவு

நெற்றிப் பட்டைக்கு அடியில் மறுபடியும் அரித்தது.

சொறியக் கூடாது. மெல்லிய மின்சாரம் போய்க்கொண்டிருக்கிறது. மூளையைத் தூண்டுமாம்.

"மூச்சை மட்டும் கவனிம்மா," என்றார் பயிற்சி கொடுக்கும் ஸ்டெல்லா மிஸ்.

கவனித்தாள். மூக்கு அடைத்திருந்தது. கவனிக்க வேறொன்றும் இல்லை.

கீழே தெருவில் யாரோ ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டே இருந்தார்கள். அது கிளம்புவதாக இல்லை.

அவளுக்கு மறதி இல்லை. இதை இன்னும் எத்தனை பேரிடம் சொல்வது? எது ஞாபகம் இருக்கிறது, எது இல்லை என்பதுதான் அவளுக்குத் தெரிவதில்லை.

போன வருடம் நீட் தேர்வில் தெரியாத கேள்விகளைத் தொடாமல் விட்டிருந்தாலே போதும். சீட் கிடைத்திருக்கும். ஆனால் எல்லாமே தெரிந்ததுபோல்தான் இருந்தது. ஒன்றைக்கூட விடாமல் நிரப்பிவிட்டு வந்தாள். மைனஸ் மார்க் தின்றுவிட்டது.

இந்த வருடமும் அதே பரீட்சை. அதற்குத்தான் இந்தப் பட்டை, இந்த மூச்சு, இந்த எண்.

ஒவ்வொரு விடைக்கும் எவ்வளவு உறுதி, நூற்றுக்கு?

"நூறு," என்பாள். மிஸ் பதிந்துகொள்வார்.

தப்பாக இருக்கும்.

"நூறு."

மறுபடியும் தப்பு.

"அவசரப்படாதம்மா. எங்க பார்த்த, யார் சொன்னாங்க, உள்ள தேடிப் பாரு. கிடைக்கலன்னா நம்பரைக் குறை."

வாரக்கணக்கில் இதே பாட்டு. கேள்விகள் வரும் திரையைத் தூக்கிக் கீழே போட்டால் என்ன ஆகும் என்று யோசித்தாள். உடையும். அதில் மட்டும் உறுதியாக இருந்தாள்.

பக்கத்து நாற்காலியில் அம்மா. மடியில் எவர்சில்வர் டப்பா. அதில் ஊறவைத்துத் தோலுரித்த பாதாம். ஞாபகசக்திக்கு.

அம்மா ஒரு பருப்பை எடுத்துக்கொண்டே மிஸ் பக்கம் திரும்பினாள்.

"நாலாவது படிக்கறப்பவே டாக்டருக்குத்தான் படிப்பேன்னு ஒத்தக் கால்ல நின்ன புள்ளைங்க மிஸ் இவ. நாங்களா சொன்னோம்? நீதான கண்ணு சொன்ன? ஞாபகம் இருக்குதில்ல?"

நூறு என்று சொல்ல வாய் தானாகத் திறந்தது.

மூடிக்கொண்டாள்.

ஒரு மூச்சு.

எங்கே?

வீட்டுக் கூடம். சித்தப்பா வந்திருக்கிறார். தட்டில் மிக்சர். 'டாக்டராகணுமாம் இவளுக்கு.' அம்மாவின் குரல்.

பெரியம்மா வீட்டு விசேஷம். பந்தியில் இலை போட்டாயிற்று. அம்மாவின் குரல்.

பஸ்ஸில், பக்கத்து சீட்டுக்காரியிடம். அம்மாவின் குரல்.

தன் குரலைத் தேடினாள்.

கீழே ஸ்கூட்டரை உதைக்கும் சத்தம் நின்றுபோயிருந்தது.

இன்னொரு மூச்சு. அவசரமில்லாமல்.

"பத்து," என்றாள்.

ஸ்டெல்லா மிஸ் எதையும் பதியவில்லை.

ஊட்ட எடுத்த பாதாம் அம்மாவின் விரல்களிலேயே இருந்தது.