ஏட்டு ஞானமுத்துவின் நான்காவது மனு

நீதிபதிக்குப் பாதுகாவலராக இருந்த ஏட்டு ஞானமுத்துவின் இரும்புக் கைத்துப்பாக்கியை வாங்கிக்கொண்டு, பிளாஸ்டிக் உடம்புள்ள ஒன்றைக் கொடுத்தார்கள். சோப்பு டப்பா என்று அதை எல்லோரிடமும் திட்டினார். இரும்பையே திருப்பிக் கேட்டு மனுமேல் மனு எழுதினார். எட்டு மாதத்தில் அந்த டப்பாவில் ஒருமுறைகூடக் குண்டு சிக்கவில்லை. மழையில் நனைந்தும் துருப்பிடிக்கவில்லை. மற்ற பாதுகாவலர்கள் ஒவ்வொருவராக அதைப் புகழத் தொடங்கியதும் அவருக்கு எரிச்சலாக வந்தது. தானும் அதைத் தினமும் பாசமாகத் துடைத்து வைப்பதை நினைத்தால் இன்னும் எரிச்சல்.

நான்காவது மனுவுக்கு அனுமதி வந்துவிட்டது. ஆயுதக் கிடங்கு எஸ்.ஐ. மரகதம் பழைய இரும்பைக் கொடுத்துச் சுட்டுப் பார்க்கச் சொன்னார். ஐந்தாவது குண்டு சிக்கியது. ஞானமுத்து அதைத் தட்டி எடுத்துவிட்டுச் சுட்டார், எட்டாவதும் சிக்கியது.

"எண்ணெய் போட்டாச் சரியாயிடும் மேடம்."

"போட்டுத்தான் குடுத்தேன் ஏட்டய்யா. நீங்க கேட்டதுதானே? பிளாஸ்டிக்கை ஒப்படைச்சிட்டுக் கையெழுத்துப் போடுங்க. அதுக்கு மூணு பேர் வரிசையில நிக்கிறாங்க."

ஞானமுத்து பிளாஸ்டிக் துப்பாக்கி இருந்த இடுப்புறையின் பொத்தானைக் கழற்றினார். மறுபடியும் மாட்டினார். வாசலில் அந்த மூவரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பேனா எழுத மாட்டேங்குது மேடம்," என்றார்.

மரகதம் தன் பேனாவைத் திறந்து நீட்டினார்.