கடல் முயல் ஊசி

கடல் முயல் என்னும் நச்சுக் கடல் நத்தையைச் சமைத்துத் தின்று குழந்தைகள் இறந்ததால், ஊர்ப் பிள்ளைகள் எல்லோருக்கும் ஊசி போட்டார்கள். தம் வாடைக்கே அஞ்சப் பழக்கிய கடல் முயல்களின் நரம்பிலிருந்து எடுத்த மருந்து அது. போட்டால் அந்த வாடைமேல் பிள்ளைக்கும் பயம் வரும்; ஆயுளுக்கும் போகாது.

பெனிட்டா அந்த மருந்து எடுக்கும் ஆய்வகத்தில் கடல் முயல் அறுப்பவள். ஊரில் வேறு வேலை இல்லை. எவ்வளவு சோப்புப் போட்டும் கையில் வாடை போகவில்லை.

சோற்றைப் பிசைந்து நீட்டியதும் மகள் ரெக்சி சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

“அம்மாகிட்ட வாம்மா.”

“வரணும்னுதாம்மா இருக்கு. ஒடம்பு வர மாட்டேங்குது. கண்ண மூடிக்கிறேன், நீ ஊட்டு.”

கண்ணை இறுக மூடி வாயைத் திறந்தாள். கை நெருங்கியதும் உடம்பெல்லாம் நடுங்கியது. வாயை மட்டும் மூடவில்லை.

பெனிட்டா தட்டைத் தரையில் வைத்துவிட்டு வாசல்வரை விலகிப் போனாள்.

“இப்ப சாப்புடு, கண்ணு.”